அமாவாசைக்குக் காத்திருந்த கண்ணாடிகள்

விண்ணிலிருந்து வரும் காமா கதிரைத் தரையில் நின்றுகொண்டு நேரடியாகப் பிடிக்க முடியாது. வளிமண்டலத்தின் மேல்தட்டிலேயே அது ஏதோ ஓர் அணுக்கருவின் அருகே மடிந்து, ஓர் எலக்ட்ரானும் ஒரு பாசிட்ரானுமாகப் பிரிந்துவிடுகிறது. அவை புதிய காமா கதிர்களைப் பிறப்பிக்கும். அந்தக் கதிர்கள் மேலும் எலக்ட்ரான்களைப் பிறப்பிக்கும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, தரைக்குச் சுமார் 10 கி.மீ. மேலே அது பெரிய துகள் சாரலாக விரிந்து, அதற்குக் கீழே மெல்ல அடங்கிப்போகும். ஒரு துகள்கூட மண்ணைத் தொடாமல் போகலாம். ஆனால் வெளிச்சம் வந்து சேரும். காற்றுக்குள் ஒளி போகும் வேகத்தை மிஞ்சி அந்தத் துகள்கள் பாய்வதால் நீல நிறத்தில் மங்கலான மின்னல் ஒன்று எழுகிறது. செரன்கோவ் ஒளி என்று அதற்குப் பெயர். தரையில் 120 மீட்டர் ஆரத்துக்கு வட்டமாக விழும் அந்த ஒளி, ஒரு விநாடியில் நூறு கோடியில் சில பங்கு நேரமே நீடிக்கும். கண்ணாடியை வானுக்குத் திருப்பிவைத்து அந்த மின்னலைப் பிடிப்பது எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு தனித் தொழிலாக நடந்துவருகிறது. நிலவு இருந்தால் இந்த வேலை ஓடாது. ஆகவே மாதத்தில் பாதி நாள் சும்மா இருக்க வேண்டிய தொழில் இது. முதல் முப்பத்தைந்து ஆண்டுகள் இதில் இறங்கியவர்களுக்கு நம்பத்தக்கதாக ஒன்றும் சிக்கவில்லை.

இதன் மூலக் கேள்வி காமா கதிரைப் பற்றியது அல்ல, காஸ்மிக் கதிரைப் பற்றியது. ஆஸ்திரியாவின் விக்டர் ஹெஸ் 1912 ஆகஸ்ட் 7 அன்று பொஹீமியாவின் ஆவுசிக் நகரிலிருந்து ஹைட்ரஜன் பலூனில் 5,300 மீட்டருக்கு மேல் ஏறினார். கையோடு கொண்டுபோன மின்காட்டிகள், உயரம் கூடக் கூடக் கதிர்வீச்சும் கூடுவதைக் காட்டின. அப்படியானால் கதிர் மண்ணிலிருந்து கிளம்பவில்லை, மேலேயிருந்து வருகிறது. அதே ஆண்டு ஏப்ரலில் சூரிய கிரகணத்தின்போதும் அவர் பறந்து பார்த்திருந்தார். கிரகண நேரத்திலும் கதிர் குறையாததால் சூரியன் மீதான சந்தேகம் விலகியது. எங்கிருந்துதான் வருகிறது என்பதற்கு விடை சொல்ல வழியில்லாமல் போனதற்குக் காரணம் இருபது ஆண்டு கழித்து விளங்கியது. இந்தக் கதிர்களில் பெரும்பாலானவை மின்னேற்றம் கொண்ட துகள்கள், முக்கியமாகப் புரோட்டான்கள். விண்வெளியில் பரவிக்கிடக்கும் காந்தப்புலங்கள் அவற்றை வளைத்து வளைத்துத் திருப்பிவிடும். பூமிக்கு வந்து சேரும் திசைக்கும் புறப்பட்ட இடத்துக்கும் சம்பந்தமே இருக்காது.

1937இல் ஹோமி பாபாவும் வால்டர் ஹைட்லரும் எலக்ட்ரானும் காமா கதிரும் ஒன்றையொன்று பிறப்பித்துப் பெருகும் அடுக்குப் பொழிவின் கணக்கை எழுதினார்கள். மேலே சொன்ன சாரலின் இலக்கணம் அதுதான். இன்றைய கணினிப் போலிகளுக்கும் அடித்தளம் அதுவே. அடுத்த ஆண்டு பிரான்சின் பியர் ஓஜே, இடைவெளி விட்டு வைத்த எண்ணிகள் ஒரே கணத்தில் துடிப்பதைக் கண்டு, மேலே மோதிய ஒற்றைத் துகள் பெரும் பரப்பில் சாரலாக இறங்குகிறது என்று காட்டினார். அந்த ஒற்றைத் துகளின் ஆற்றல் ஆயிரம் டெரா எலக்ட்ரான் வோல்ட் இருக்க வேண்டும் என்று கணக்கு வந்தது. ஒரு டெரா என்பது லட்சம் கோடி. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஒரு துணுக்குக்கு இரண்டு, மூன்று எலக்ட்ரான் வோல்ட்தான் ஆற்றல். இவ்வளவையும் ஒரே துகளுக்குள் திணிக்கும் உலை எது என்ற கேள்வி அப்போதிலிருந்து கிடக்கிறது.

1948இல் பாட்ரிக் பிளாக்கெட் போகிற போக்கில் ஒரு கணக்குச் சொன்னார்: இரவு வானத்தின் மொத்த வெளிச்சத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு, காஸ்மிக் கதிர்கள் காற்றில் எழுப்பும் செரன்கோவ் ஒளியாக இருக்க வேண்டும். அதைக் கேட்ட பிறகு பலர் சும்மா இருந்தார்கள். இங்கிலாந்தின் ஹார்வெல் அணு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த பில் கால்பிரெய்த்தும் ஜான் ஜெல்லியும் சும்மா இருக்கவில்லை. பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் என்றாலும் அந்த வெளிச்சம் சீராகப் பரவியிருக்காது, வெட்டு வெட்டாக வரும். சராசரியைப் பார்ப்பவனுக்குத் தெரியாதது, கணம் கணமாகப் பார்ப்பவனுக்குத் தெரியும் என்பது அவர்களுடைய எண்ணம்.

1952 செப்டம்பரில் அவர்கள் அமைத்த கருவியை இந்தத் துறையின் முதல் தொலைநோக்கி என்றே சொல்ல வேண்டும். உள்ளே கறுப்புப் பூசிய ஒரு குப்பைத்தொட்டி. அதன் அடியில் 25 செ.மீ. அகலக் குழியாடி. ஆடியின் குவியத்தில் 5 செ.மீ. விட்டமுள்ள ஓர் ஒளிபெருக்கிக் குழாய்; ஒளித்துணுக்கு விழுந்தால் அதை மின்துடிப்பாகப் பெருக்கித் தரும் சாதனம். அதிலிருந்து ஒரு கம்பி பெருக்கிக்கும் அலைகாட்டித் திரைக்கும் போயிற்று. அவ்வளவுதான் கருவி. சுற்றிலும் வயலில் காற்றுப் பொழிவைப் பதிவு செய்யும் கைகர் எண்ணிகள் ஏற்கெனவே பரப்பிவைக்கப்பட்டிருந்தன. நிலவில்லாத தெளிந்த இரவில் தொட்டியின் மூடியைத் திறந்தார்கள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை திரையில் கோடு துள்ளியது. துள்ளியவற்றில் பல, எண்ணிகள் துடித்த அதே கணத்தில் துள்ளின. பிளாக்கெட் சொன்ன ஒளி அதுதான். கட்டுரை 1953 தொடக்கத்தில் நேச்சர் இதழில் வந்தது. பெரும் கருவிகளுக்குப் பெரும் நிதி கேட்பதே வழக்கமாகிவிட்ட இன்றைய அறிவியலில் இந்தத் தொட்டியை நினைவுகூர்வதில் ஒரு சின்னக் குறும்பு உண்டு.

அந்த மின்னல்கள் எல்லாம் காஸ்மிக் துகள்கள் எழுப்பியவை. அவற்றால் மூலக் கேள்விக்குப் பயனில்லை. பயன் காமா கதிரில் இருந்தது. காஸ்மிக் துகள்கள் முடுக்கம் பெறும் இடத்தில் காமா கதிர்களும் பிறந்தாக வேண்டும். காமா கதிருக்கு மின்னேற்றம் இல்லை. காந்தப்புலம் அதை வளைக்காது. புறப்பட்ட இடத்திலிருந்து நேர்க்கோட்டில் வரும். 1958இல் பிலிப் மாரிசன் காமா கதிர் வானியலின் வாய்ப்புகளைப் பட்டியலிட்டு எழுதினார். 1959இல் மாஸ்கோ மாநாட்டில் ஜூசெப்பே கொக்கோனி, வெடித்த நட்சத்திரத்தின் மிச்சமான நண்டு நெபுலாவிலிருந்து டெரா ஆற்றலில் வரும் காமா கதிரைத் தரையிலிருந்தே எளிதாகப் பார்க்கலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். கணக்கு பல மடங்கு தாராளமாக இருந்தது. ஆனால் அது தப்பாக இருந்ததுதான் நல்லதாயிற்று. சரியான எண்ணைச் சொல்லியிருந்தால் யாரும் கண்ணாடி வாங்கியிருக்க மாட்டார்கள்.

கொக்கோனியை நம்பி முதலில் இறங்கியவர் சோவியத் இயற்பியலாளர் அலெக்சாண்டர் சுடாக்கோவ். கிரிமியாவில் கருங்கடல் ஓரம் 1.5 மீட்டர் அகலக் கண்ணாடிகள் பன்னிரண்டை நிறுவி, 1960 முதல் நான்கு ஆண்டுகள் பார்த்தார். நண்டு நெபுலா மட்டுமன்றி, வானத்தின் மிக வலுவான வானொலி மூலங்களில் ஒன்றான சிக்னஸ் ஏ என்னும் தொலைதூர கேலக்ஸியையும் பார்த்தார். எதுவும் தெரியவில்லை. தெரியவில்லை என்பதை அவர் துல்லியமான எண்ணாக எழுதி, கொக்கோனி சொன்ன அளவுக்கு அங்கே காமா கதிர் இல்லை என்று நிறுவிவிட்டு, வேறு வேலைக்குப் போனார். இந்தத் துறையின் முதல் பத்தாண்டில் மிகச் சுத்தமான முடிவு அதுதான்.

இதற்கிடையே 1963இல் கலிஃபோர்னியாவில் மார்ட்டன் ஷ்மிட், 3சி 273 என்ற நட்சத்திரம் போன்ற புள்ளி நட்சத்திரமே அல்ல, இருநூறு கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் இருக்கும் பொருள் என்று அதன் நிறமாலையின் சிவப்புப் பெயர்ச்சியிலிருந்து கண்டுபிடித்தார். குவாசர் என்ற சொல் செய்தித்தாள்களுக்கு வந்தது. கேலக்ஸிகள் சிலவற்றின் நடுவே, மொத்த கேலக்ஸியையும் மங்கவைக்கும் அளவுக்கு ஒளிரும் மையம் இருக்கிறது. அங்கே கோடிக்கணக்கான சூரியன்களின் நிறையுள்ள கருந்துளை வாயுவை விழுங்கிக்கொண்டிருக்கிறது. விழுங்குவதில் ஒரு பகுதியை இரு எதிரெதிர்த் திசைகளில் ஒளிவேகத்தை நெருங்கும் தாரையாக உமிழ்கிறது என்ற சித்திரம் பின்னால் உருவாயிற்று. இவற்றுக்கு ‘செயல்மிகு கேலக்ஸி’ என்று பெயர். அந்தத் தாரை தற்செயலாகப் பூமியை நோக்கியே திரும்பியிருந்தால் அது பிளேசார். 1929இல் ஜெர்மனியின் கூனோ ஹாஃப்மைஸ்டர் மாறொளி நட்சத்திரம் என்று நினைத்துப் பட்டியலில் சேர்த்த பி.எல். லாசர்ட்டே என்பதும் இந்த வகைதான். பிளேசார் என்ற பெயர் 1978இல் ஒரு மாநாட்டில் எட் ஸ்பீகல் சொன்னது. அரை வேடிக்கையாகச் சொன்ன பெயர் நிலைத்துவிட்டது.

குவாசர்கள் பேச்சாக இருந்த அந்த நாளில்தான் அயர்லாந்தில், டப்ளினுக்குத் தெற்கே உள்ள கிளென்கல்லன் மலையில், நீல் போர்ட்டரும் ஹார்வெலின் ஜெல்லியும் புதிய கருவியை நிறுத்தினார்கள். இரண்டாம் உலகப்போரில் விமானங்களைத் தேடிய சர்ச்லைட்டுகளின் 90 செ.மீ. கண்ணாடிகள் இரண்டு, அவற்றைத் தாங்கித் திருப்ப, விமான எதிர்ப்புப் பீரங்கியின் அடிப்பீடம். பீரங்கி போஃபர்ஸ் கம்பெனியுடையது. இந்திய வாசகருக்கு வேறு விவகாரத்தில் நன்றாகப் பழகிய பெயர். வானத்தின் எந்தப் பக்கத்துக்கும் விரைவாகத் திரும்பும் உறுதியான பீடம் மலிவாகக் கிடைத்ததால், ஆயுதத்தை இறக்கிவிட்டுக் கண்ணாடியை ஏற்றினார்கள். அதைக் கொண்டு குவாசர்களைப் பார்த்தார்கள். அயர்லாந்தின் மேகம் விட்டுக்கொடுத்த இரவுகள் சிலவே. அந்த இரவுகளிலும் எதுவும் படவில்லை.

அங்கே முனைவர் பட்டத்துக்கு உழைத்த ட்ரெவர் வீக்ஸ் மேகமில்லாத வானத்தைத் தேடி அமெரிக்கா போனார். அரிசோனாவில் மவுண்ட் ஹாப்கின்ஸ் மலையில், 2,300 மீட்டர் உயரத்தில், ஸ்மித்சோனியன் நிறுவனம் 1968இல் எழுப்பிய 10 மீட்டர் தொலைநோக்கியே அவருடைய வாழ்நாள் கருவி. ஒரே கண்ணாடி அல்ல. அறுகோணச் சிறு கண்ணாடிகள் 248ஐச் சேர்த்துக் கட்டிய கிண்ணம். நட்சத்திரத்தைப் படமெடுக்க லாயக்கில்லாத கரடுமுரடான பரப்பு. மின்னலைப் பிடிக்க அது போதும். அந்தக் கிண்ணத்தின் குவியத்தில் ஒற்றைக் குழாயை வைத்துப் பல ஆண்டுகள் நண்டு நெபுலாவைப் பார்த்ததில், இருப்பதாகவும் இல்லாததாகவும் சொல்ல முடியாத எண்களே வந்தன.

தமிழ்நாட்டிலும் இதே தொழில் இதே காலத்தில் நடந்தது. ஊட்டியில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் 1950களிலேயே காஸ்மிக் கதிர் ஆய்வகம் அமைத்திருந்தது. கடல்மட்டத்துக்கு 2,200 மீட்டர் மேலே, நிலநடுக்கோட்டுக்கு அருகே இப்படி ஓர் இடம் கிடைப்பது அரிது. 1960களின் இறுதியில் பல்சார்கள் என்னும் துடிக்கும் நட்சத்திரங்கள் கண்டுபிடிக்கப்பட்டதும், பி. வி. ராமனமூர்த்தி உள்ளிட்ட குழுவினர் சர்ச்லைட் வகைக் கண்ணாடிகளை வரிசையாக நிறுத்தி, பல்சார்களிலிருந்து காமா கதிர் வருகிறதா என்று தேடினார்கள். நீலகிரியில் தென்மேற்குப் பருவமழை ஓய்ந்தால் வடகிழக்கு வந்துவிடும். டிசம்பர் கடைசியிலிருந்து சில மாதங்கள், அதிலும் அமாவாசையை ஒட்டிய இரவுகள், அவ்வளவுதான் வேலைநாள். உறைபனி விழும் அந்தக் குளிரில் கண்ணாடிகளைக் கவனித்துக்கொண்டு விடியும்வரை உட்கார வேண்டும். 1986இல் இந்த வேலை மத்தியப் பிரதேசத்தின் பச்மடிக்கு மாறியது. ஊட்டி ஆய்வகம் காஸ்மிக் கதிரிலேயே நின்றது. அங்குள்ள கிரேப்ஸ்-3 இன்று எட்டு மீட்டர் இடைவெளியில் சுமார் 400 மினுக்குக் கருவிகளையும், 560 சதுர மீட்டர் பரப்பில் மியூவான் துகள்களை எண்ணும் கூடத்தையும் வைத்துக்கொண்டு இரவு பகல் பாராமல் ஓடுகிறது. துகளை நேரடியாக எண்ணுவதால் அதற்கு அமாவாசை தேவையில்லை.

தொழிலின் மிக மோசமான காலம் 1980களில் வந்தது. 1983இல் ஜெர்மனியின் கீல் நகரக் குழு, சிக்னஸ் எக்ஸ்-3 என்ற இரட்டை நட்சத்திரத்திலிருந்து ஆயிரம் டெராவைத் தாண்டிய காமா கதிர் வருவதாக அறிவித்தது. உடனே உலகெங்கும் பல குழுவினர் தாங்களும் பார்த்ததாகச் சொன்னார்கள். ஒருவர் பார்த்தது இன்னொருவருக்குத் தெரியவில்லை; ஒரு மாதம் தெரிந்தது மறுமாதம் இல்லை. எண்ணிக்கையின் தற்செயல் ஏற்ற இறக்கத்தைக் கண்டுபிடிப்பாக எடுத்துக்கொண்ட காலம் அது. நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் குரோனின், இதை ஒரு தடவை தீர்த்துவிடலாம் என்று யூட்டா பாலைவனத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட எண்ணிகளைப் பரப்பிப் பார்த்தார். சிக்னஸ் எக்ஸ்-3 இருந்த திசையில் ஒன்றுமே இல்லை. குரோனின் அதோடு நிற்காமல் இன்னும் பெரிய எண்ணிப் பரப்புக்குத் திட்டமிட்டார். அது பின்னால் வரும்.

சிக்கல் எங்கே இருந்தது என்று கேட்டால், குறைந்த ஒளியில் இல்லை, அதிக ஒளியில்தான். ஒரு காமா கதிர் மின்னலுக்கு ஆயிரம் புரோட்டான் மின்னல்கள் வந்து விழுகின்றன. நெல்லைவிடப் பதர் ஆயிரம் மடங்கு. புடைக்க முறம் இல்லை. அந்த முறத்தைச் செய்து கொடுத்தவர் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் ஹில்லாஸ். ஒற்றைக் குழாய்க்குப் பதிலாகப் பல குழாய்களைத் தேன்கூடுபோல் அடுக்கினால் மின்னலைப் படமாகவே எடுக்கலாம் என்ற யோசனை வீக்ஸிடம் முன்பே இருந்தது. 1983இல் அவர் 37 குழாய்கள் கொண்ட கேமராவை 10 மீட்டர் கிண்ணத்தில் பொருத்திவிட்டார். படத்தில் எதைத் தேடுவது என்பதுதான் தெரியவில்லை. 1985இல் ஹில்லாஸ் கணினியில் ஆயிரக்கணக்கான பொய்ச் சாரல்களை உருவாக்கிப் பார்த்து அதைச் சொன்னார். காமா கதிரின் சாரல் எலக்ட்ரான்களும் காமா கதிர்களும் மட்டுமே கொண்ட கச்சிதமான ஒன்று. அதன் படம் நெல்மணிபோல ஒல்லியாக, நுனி கேமராவின் நடுவைப் பார்த்தபடி கிடக்கும். புரோட்டான் அணுக்கருவை உடைத்துப் பல கிளைகளாகச் சிதறும். அதன் படம் அகலமாக, ஒழுங்கில்லாமல், எந்தத் திசையையும் பார்த்துக் கிடக்கும். நீளம், அகலம், சாய்வு என்று சில எண்களை அளந்தால் போதும், பதரில் பெரும்பகுதி கழிந்துவிடும்.

1989இல் வீக்ஸ் குழு நண்டு நெபுலாவை அறிவித்தது. தற்செயலாக இருக்க வாய்ப்பே இல்லாத, திட்ட விலக்கத்தில் ஒன்பது மடங்கு உறுதியான முடிவு. கிண்ணம் கட்டி 21 ஆண்டுகள் ஆகியிருந்தன.

நண்டு நெபுலா நம் பால்வீதிக்குள்ளேயே 6,500 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. அடுத்து எங்கே திருப்புவது என்பதற்கு வழிகாட்டியது ஒரு விண்கலம். 1991 ஏப்ரலில் அட்லாண்டிஸ் விண்ணோடத்தில் ஏறிப்போன காம்ப்டன் காமா கதிர் ஆய்வகத்தில் எக்ரெட் என்ற கருவி இருந்தது. டெராவுக்கு ஆயிரம் மடங்கு கீழான ஆற்றலில் அது வானத்தைப் பார்த்தது. அதற்கு முன் அந்த ஆற்றலில் தெரிந்திருந்த தொலைதூர கேலக்ஸி, காஸ்-பி செயற்கைக்கோள் பார்த்த 3சி 273 ஒன்றுதான். எக்ரெட் மேலே போன சில மாதங்களிலேயே 3சி 279 என்ற குவாசர் பிரகாசமாகத் தெரிந்தது. தொடர்ந்து பத்து, இருபது என்று பிளேசார்கள் வந்தன. மவுண்ட் ஹாப்கின்ஸ் குழு அந்தப் பட்டியலில் பிரகாசமானவற்றை நோக்கிக் கிண்ணத்தைத் திருப்பியது. எதுவும் தெரியவில்லை. பட்டியலில் மிக மங்கலானவற்றுள் ஒன்றான மார்க்கேரியன் 421தான் தெரிந்தது.

அந்தப் பெயர் ஆர்மேனியாவிலிருந்து வந்தது. ப்யூரகான் ஆய்வகத்தில் பெஞ்சமின் மார்க்கேரியன் 1960களிலிருந்து புற ஊதா ஒளி மிகுந்த கேலக்ஸிகளை வரிசை எண்ணிட்டுத் தொகுத்த பட்டியலில் 421ஆவது அது. சப்தரிஷி மண்டலத்தில், வெறுங்கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் ஒரு நட்சத்திரத்தை ஒட்டினாற்போலக் கிடக்கிறது; நட்சத்திரத்தின் வெளிச்சம் கேமராவின் நடுவிலேயே விழுந்து தொல்லை கொடுக்கும். தூரம் சுமார் 40 கோடி ஒளியாண்டு. 1992இன் முதல் பாதியில் 109 குழாய்க் கேமராவால் எடுத்த படங்களிலிருந்து, நண்டு நெபுலாவில் மூன்றில் ஒரு பங்கு பிரகாசத்தோடு அது டெரா ஆற்றலில் ஒளிர்வது தெளிவானது. பால்வீதிக்கு வெளியிலிருந்து அந்த ஆற்றலில் பிடிபட்ட முதல் மூலம். அதே ஆண்டு நேச்சர் இதழில் முடிவு வந்தது.

பிரகாசமானவை தெரியாமல் மங்கலானது தெரிந்ததற்குக் காரணம் வழியில் இருந்தது. பிரபஞ்சம் முழுவதும் நட்சத்திரங்கள் இதுவரை வெளியிட்ட ஒளியும் வெப்பமும் மெல்லிய மூடுபனியாகப் பரவியிருக்கின்றன. டெரா ஆற்றலுள்ள காமா கதிர் அந்த ஒளித்துணுக்கு ஒன்றில் மோதினால் இரண்டும் அழிந்து எலக்ட்ரான், பாசிட்ரான் ஜோடியாகிவிடும். சோவியத் ஆய்வாளர் நிகிஷோவ் 1960களின் தொடக்கத்திலேயே இதை எழுதிவிட்டார். 1966இல், பிரபஞ்ச நுண்ணலைப் பின்னணி கண்டுபிடிக்கப்பட்ட மறு ஆண்டு, அதுவும் மிக உயர்ந்த காமா கதிர்களை விழுங்கும் என்று கணக்கிட்டவர்களில் குப்பைத்தொட்டிக்காரர் ஜெல்லியும் ஒருவர். எக்ரெட் பார்த்த பெரிய குவாசர்கள் தொலைவில் இருப்பதால் அவற்றின் டெரா கதிர்கள் வழியிலேயே தீர்ந்துபோகின்றன. மார்க்கேரியன் 421 அக்கம்பக்கத்து வீடு. அதற்கேற்றாற்போல அதன் வகையும் உயர்ந்த ஆற்றலில் அதிகம் ஒளிரும் வகை. அடுத்துக் கிடைத்த மார்க்கேரியன் 501ம் ஏறத்தாழ அதே தூரம்தான்.

1996 மே 7 அன்று மார்க்கேரியன் 421 வெடித்து எழுந்தது. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டித்து, சாதாரண நிலையைப்போல ஐம்பது மடங்குக்கு மேல் போயிற்று. அந்த ஆற்றலில் வானத்திலேயே மிகப் பிரகாசமான புள்ளியாக நின்றது. எட்டு நாள் கழித்து இன்னொரு எழுச்சி, அரை மணி நேரத்தில் வந்து அடங்கியது. அரை மணியில் ஒளி மாறுகிறது என்றால், ஒளிரும் இடத்தின் அளவு, தாரை நம்மை நோக்கி விரைவதற்கு இடம் கொடுத்த பிறகும், நம் சூரியக் குடும்பத்தை விடப் பெரிதாக இருக்க முடியாது. மறு ஆண்டு மார்க்கேரியன் 501இன் முறை. பல மாதம் நீடித்த அந்தக் கொந்தளிப்பைக் கனரித் தீவுகளின் லா பால்மாவில் ஹெக்ரா தொலைநோக்கிகளும், ராஜஸ்தானின் மவுண்ட் அபுவில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் டாக்டிக் கருவியும் பார்த்தன.

2000க்குப் பிறகு கருவிகள் பெருகின. நமீபியாவில் விக்டர் ஹெஸ்ஸின் பெயரைத் தாங்கிய நான்கு 12 மீட்டர் தொலைநோக்கிகள், லா பால்மாவில் 17 மீட்டர் மேஜிக், அரிசோனாவில் வெரிட்டாஸ். ஒரே மின்னலைப் பல கோணங்களில் படமெடுத்தால் பதர் இன்னும் சுத்தமாகக் கழியும் என்பதை ஹெக்ரா காட்டியிருந்தது. எல்லாரும் அதைப் பின்பற்றினார்கள். 2006 ஜூலை 28 இரவு ஹெஸ், பி.கே.எஸ். 2155-304 என்ற பிளேசாரில் சுமார் 200 விநாடியில் ஏறி இறங்கும் எழுச்சிகளைப் பதிவு செய்தது. நூறு கோடி சூரிய நிறையுள்ள கருந்துளையின் விளிம்பைக் கடக்க ஒளிக்கே இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். கருந்துளையைவிடச் சின்ன ஏதோ ஒன்று அவ்வளவு வெளிச்சத்தைக் கொட்டுகிறது. அது என்னவென்பதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை.

இத்தனைக்குப் பிறகும் மூலக் கேள்வி அப்படியே இருந்தது. தாரைக்குள் வேகமான எலக்ட்ரான்கள் இருந்தாலே போதும், அவை சாதாரண ஒளித்துணுக்குகளை இடித்துக் காமா கதிராக உயர்த்திவிடும். எக்ஸ் கதிரும் டெரா கதிரும் பெரும்பாலும் சேர்ந்தே ஏறி இறங்குவது அந்த விளக்கத்துக்குப் பொருந்துகிறது. காஸ்மிக் கதிர் பிறக்கும் இடம் என்று சொல்லப் புரோட்டான் வேண்டும். காமா கதிரை மட்டும் வைத்து இரண்டையும் பிரித்தறிவது கஷ்டம்.

புரோட்டான் பக்கத்திலிருந்து வந்தவர்கள் குரோனினும் லீட்ஸின் ஆலன் வாட்சனும். 1962இலேயே நியூ மெக்சிகோவில் ஜான் லின்ஸ்லி பத்து கோடி டெரா ஆற்றலுள்ள ஒற்றைத் துகளைப் பதிவு செய்திருந்தார். அவ்வளவு வேகமான துகளைக் காந்தப்புலம் அதிகம் வளைக்க முடியாது. ஆனால் ஒரு சதுர கி.மீ. பரப்பில் நூறாண்டுக்கு ஒன்று விழுந்தால் பெரிது. ஆகவே அர்ஜென்டினாவின் மலார்குவே சமவெளியில் 3,000 சதுர கி.மீ. பரப்பில் 1,600க்கும் மேற்பட்ட தண்ணீர்த் தொட்டிகளை நட்டார்கள். பியர் ஓஜே பெயரிலான அந்த ஆய்வகம் 2007 நவம்பரில், மிக உயர்ந்த ஆற்றலில் வந்த 27 துகள்களில் 20 அருகிலுள்ள செயல்மிகு கேலக்ஸிகளின் திசையிலிருந்து வந்தன என்று அறிவித்தபோது, கேள்வி முடிந்தது என்றே பலர் நினைத்தார்கள். துகள்கள் சேரச் சேர அந்த விகிதம் சரிந்து, 2010 வாக்கில் நாற்பது சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது. சிக்னஸ் எக்ஸ்-3 விவகாரத்தைத் தீர்த்துவைத்தவர் தொடங்கிய ஆய்வகத்திலேயே இது நடந்தது. 2017இல் அதே ஆய்வகம் அடக்கமான, ஆனால் உறுதியான முடிவு ஒன்றைத் தந்தது: எண்பது லட்சம் டெராவுக்கு மேற்பட்ட துகள்கள் வானத்தின் ஒரு பாதியிலிருந்து சற்றே அதிகம் வருகின்றன, அந்தத் திசை பால்வீதி மையத்திலிருந்து வெகுவாக விலகியிருக்கிறது. அவை வெளியிலிருந்தே வருகின்றன.

அந்தக் கட்டுரை வெளியான 2017 செப்டம்பர் 22 அன்றே தென்துருவத்தில் இன்னொன்று நடந்தது. ஒரு கன கி.மீ. பனிக்கட்டிக்குள் 5,160 ஒளி உணரிகளைப் புதைத்துவைத்திருக்கும் ஐஸ்கியூப், சுமார் 290 டெரா ஆற்றலுள்ள ஒரு நியூட்ரினோவைப் பிடித்து, ஒரு நிமிடத்துக்குள் உலகுக்கு அதன் திசையைச் சொன்னது. நியூட்ரினோவுக்கும் மின்னேற்றம் இல்லை. அது நேரே வரும். காமா கதிரைப்போல் அல்லாமல் அது பிறக்கப் புரோட்டான் இருந்தே தீர வேண்டும். காமா கதிரைப் பார்க்கும் ஃபெர்மி விண்கலம் அந்தத் திசையில் டி.எக்ஸ்.எஸ். 0506+056 என்ற பிளேசார் எழுச்சியில் இருப்பதைச் சொன்னது. மேஜிக் அதிலிருந்து வந்த உயர் ஆற்றல் காமா கதிரைப் பார்த்தது. சுமார் 400 கோடி ஒளியாண்டு தொலைவு. 2022இல் ஐஸ்கியூப், என்.ஜி.சி. 1068 என்ற பக்கத்துச் செயல்மிகு கேலக்ஸியிலிருந்து 79 நியூட்ரினோக்கள் கூடுதலாக வந்திருப்பதை அறிவித்தது. அங்கிருந்து டெரா காமா கதிர் வருவதே தெரியவில்லை. கருந்துளையைச் சுற்றிய அடர்ந்த வெளிச்சமே அவற்றை விழுங்கிவிடுகிறது என்பது விளக்கம். அப்படியானால் காமா கதிரில் பளிச்சென்று தெரியும் கேலக்ஸி ஒன்று, காஸ்மிக் கதிரை வளர்க்கும் கேலக்ஸி வேறொன்று என்றும் இருக்கலாம்.

ஊட்டியில் தொடங்கிப் பச்மடிக்குப் போன கண்ணாடிகளின் வழிவந்தவை 2008இல் லடாக்கின் ஹான்லேக்குச் சென்றன. 4,270 மீட்டர் உயரத்தில், ஒவ்வொன்றிலும் 90 செ.மீ. கண்ணாடிகள் ஏழு கொண்ட ஏழு தொலைநோக்கிகள்; ஹாகர் என்று பெயர். மார்க்கேரியன் 421 அவற்றின் வாடிக்கை இலக்கு. அதே இடத்தில் பாபா அணு ஆராய்ச்சி மையம் கட்டிய 21 மீட்டர் மேஸ் தொலைநோக்கி 2024 அக்டோபர் 4 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. அதன் கேமராவில் 1,088 குழாய்கள். உயரம் கூடியதால் சாரல் கருவிக்கு அருகில் விரிகிறது. டெராவுக்கு மிகக் கீழான ஆற்றலிலும் மின்னல் தெரிகிறது. அந்த ஆற்றலில் மூடுபனியின் தொல்லை குறைவு என்பதால் தொலைவான குவாசர்களும் எட்டும் தூரத்துக்கு வருகின்றன. ஹான்லேயைச் சுற்றிய பகுதி 2022இல் இருள் வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்கே ஊர் விளக்குகளுக்கு மறைப்புப் போடச் சொல்லியிருக்கிறார்கள். இரவில் வரும் வண்டிகள் முகப்பு விளக்கைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும். நிலவுக்கு மட்டும் இன்னும் யாராலும் மறைப்புப் போட முடியவில்லை.